எழுத்து ஓடாத டிவி

"...சும்மா மென்னு முழுங்காதீங்க. டிவியில அந்த நர்சு சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க," என்றாள் என் மனைவி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

பக்கத்தில் எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா, நாங்கள் 'காக்கு' என்று கூப்பிடுபவர், கையில் டீ கப்போடு. அவருக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் ஒரு புருஷன் மாட்டிக்கொண்டு முழிப்பது எந்த பாஷையிலும் புரியும்.

புனே பக்கம் தேஹு ரோட்டில் எங்கள் லைனில் எனக்கு 'இங்கிலீஷ்காரர்' என்று பெயர். பத்தாவதோடு நின்றவன் நான். ராணுவ டிப்போவில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் பழகினேன். கண் வழியாக வந்த இங்கிலீஷ். காது வழியாக ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. இது எனக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரியாது.

ரிட்டயர் ஆனபிறகு சாயங்காலமானால் பிரிட்டிஷ் சீரியல்தான். கீழே எழுத்து ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே, ஆள் பேசி முடிப்பதற்குள் நான் தமிழில் சொல்லிவிடுவேன். காக்குவுக்காக ஹிந்தியில் ஒரு வரி. அதையும் வெறுமனே சொல்ல மாட்டேன். "அவனை நம்ப முடியாது" என்று இன்ஸ்பெக்டர் சொன்னால், என் வாயில் அது "பிள்ளையையும் கிள்ளிட்டுத் தொட்டிலையும் ஆட்டுற ஆளு அவன்" என்று வரும்.

"வெள்ளைக்காரனும் இப்படியா சொல்றான்?" என்று சிரிப்பாள் மனைவி. அவள் இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஓடுகிற வேகத்துக்கு அது ஆகாது. அதனால் அந்த எழுத்தை அவள் கண்டுகொண்டதே இல்லை. "உங்கப்பா காதுல வாங்கின மாத்திரத்துல சொல்லிடுறாரு," என்று மகளிடம் போனில் பெருமையடிப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

மகள் இங்கிலாந்தில், வடக்கே ஓர் ஊரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். அம்மாதான் போகவேண்டும், அப்பனுக்கு அங்கே என்ன வேலை? டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரியில் அவளோடு நிற்கப்போவது இவள்தான். நாங்கள் பார்த்த சீரியலும் அந்தப் பக்கத்துப் பேச்சுதான் என்பதால், தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பழக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மகள் போனில், "அம்மா, கீழ ஓடுற எழுத்தை எடுத்துட்டுப் பாரும்மா. இங்க நர்சு மூஞ்சிக்குக் கீழ எழுத்து ஓடாது," என்று சொல்லிவிட்டாள்.

போனை வைத்ததும் மனைவி ரிமோட்டை எடுத்தாள்.

"இருந்துட்டுப் போகட்டுமே," என்றேன்.

"எனக்கு அது படிக்க வராது. உங்களுக்குத் தேவையே இல்ல. அப்புறம் யாருக்கு? காக்குவுக்கா?"

எழுத்து போயிற்று. அதன்பிறகு அவர்கள் பேசியது, வெற்றிலையை அதக்கிக்கொண்டு பக்கத்து அறையிலிருந்து யாரோ பேசுவதுபோல இருந்தது. தலை எது, வால் எது என்று பிடிபடவில்லை. ஆஸ்பத்திரிக் காட்சி. நிறைமாதக்காரி ஒருத்தி படுத்திருந்தாள். நர்ஸ் அவள் கையைத் தடவிக்கொண்டு என்னவோ சொன்னாள். சிரித்த முகம்.

"என்ன சொல்றா?"

"எல்லாம் நல்லாருக்கு, பயப்படாத, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்ங்கிறா."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

படுத்திருந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பி விம்மினாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு நாலு பேர் ஓடினார்கள். "அரே தேவா!" என்றார் காக்கு.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நல்லாருக்குன்னீங்க?"

"இந்த ஸ்பீக்கர் சரியில்லடி. சத்தம் உள்ள உள்ள போகுது."

காக்கு டீயை உறிஞ்சிவிட்டு, "நாச்தா யேயினா, அங்கண் வாக்டே," என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நம்ம பழமொழியேதான். வேறொரு நாள் என்றால், மராத்தி முற்றமும் தமிழ்க் கூடமும் ஒரே மாதிரி கோணியது எப்படி என்று அரைமணி நேரம் அளந்திருப்பேன்.

மனைவி சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நாளைக்கு ஒரு நிஜ நர்ஸ் சிரித்த முகத்தோடு வந்து மகளைப் பற்றி இப்படி ஏதாவது சொன்னால், இவளும் தலையாட்டிவிட்டு நிற்பாள். என்னை நம்பித்தான் இவ்வளவு நாளும் தைரியமாக இருந்திருக்கிறாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள், மென்னு முழுங்காதீங்க என்று.

"புரியல," என்றேன்.

"இன்னைக்கா?"

"என்னைக்குமே. கீழ ஓடுறதப் பாத்துத்தான்..."

காக்கு கப்பின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி ரிமோட்டால் காட்சியைப் பின்னால் தள்ளி, நர்ஸ் உள்ளே நுழையும் இடத்தில் நிறுத்தினாள். சோபாவை விட்டு எழுந்துபோய், டிவிக்கு ஒட்டினாற்போல் தரையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். படத்தை ஓடவிட்டாள். நர்ஸ் வாயைத் திறந்ததும், திரும்பிப் பார்க்காமலே, பேசாதே என்று என் பக்கமாக ஒரு கையை உயர்த்தினாள்.