வேப்பிலை கட்டிய கிறிஸ்துமஸ்

கட்டியை முதலில் கண்டுபிடித்தவர் முடிவெட்டுகிறவர். ஈப்போவில் நான் பல வருடமாகப் போகும் கடை. என் முகத்தை நிமிர்த்திச் சவரம் செய்துகொண்டிருந்தவர், கத்தியை எடுத்துவிட்டு விரலால் கழுத்தைத் தொட்டார்.

"அண்ணே, எச்சி முழுங்குங்க."

முழுங்கினேன்.

"கூடவே ஏறி எறங்குதுண்ணே. டாக்டர்கிட்ட காட்டிருங்க. நான் கத்திய அந்தப் பக்கம் கொண்டு போகல."

பாதிக் கழுத்து சவரம் செய்யாமலே வீட்டுக்கு வந்தேன். வலி இல்லை, அதனால் மூன்று மாதம் கழித்துத்தான் காட்டினேன். இதைப் படிக்கிறவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

என் பெயர் அந்தோணி. சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். இப்போது ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. ஆட்களிடம் பேசுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே சிரமம். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கழுத்தில் ஊசி குத்திக் கொஞ்சம் திசு எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு சுரப்பியில் (குரல்வளைக்குக் கீழே இருக்கும் சிறிய சுரப்பி, உடம்பு எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்கிறது) புற்றுநோய் என்றார்கள். சுரப்பி முழுவதையும் அறுவை செய்து எடுத்தார்கள். அது செய்த வேலைக்குப் பதிலாகத் தினமும் ஒரு தைராய்டு மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் தையல் ஆறியது. குரல் மட்டும் கொஞ்ச காலம் கரகரவென்று இருந்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. பேசாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் கதிரியக்க அயோடின் (கதிர் வீசும் மருந்து, மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் தைராய்டுத் திசு அதை இழுத்துக்கொண்டு அழிந்துபோகும்) கொடுக்க வேண்டும் என்றார்கள். அது பினாங்கில். அதற்கு முன்னால் நான்கு வாரம் தைராய்டு மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த நான்கு வாரம் உடம்பு ஈரச் சாக்கு மாதிரி ஆனது. முகம் வீங்கியது. நண்பகலிலும் குளிரெடுத்தது. சட்டைப் பொத்தான் போட ஆரம்பித்தால் நடுவில் ஏன் நிற்கிறேன் என்று தெரியாமல் நிற்பேன். உங்களுக்கும் அப்படி இருந்தால் பயப்படாதீர்கள். அது சோம்பலும் இல்லை, மனநோயும் இல்லை. மாத்திரை திரும்பி வந்ததும் போய்விடும்.

பினாங்கில் மருந்து கொடுத்த டாக்டர் ஓர் இளம் தமிழ்ப்பெண். ஈயக் கதவு போட்ட அறைக்கு வெளியே நின்று பேசினார்.

"அங்கிள், வீட்ல சின்னப் பிள்ளைங்க, கர்ப்பமா இருக்கவங்க யாராச்சும்?"

"மகள். எட்டு மாசம். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கு."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "அப்ப மூணு வாரம் அவங்க பக்கத்துல, சின்னப் பிள்ளைங்க பக்கத்துல போகவே கூடாது. மத்தவங்ககிட்ட முதல் வாரம் ரெண்டு மீட்டர் தள்ளி இருங்க. உங்க உடம்புலேர்ந்து கதிர் வரும். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வயித்துல இருக்க குழந்தைக்குத்தான் கஷ்டம், அதோட தைராய்டு ரொம்பச் சின்னது."

மூன்று நாள் அந்த அறையில் இருந்தேன். சாப்பாடு கதவுக்கு வெளியே வந்து நிற்கும். பிறகு மைத்துனர் காரில் கூட்டிவந்தார். பின் இருக்கையில், அவருக்கு எதிர்மூலையில் உட்கார்ந்து ஈப்போ வந்து சேர்ந்தேன். அதற்கு முதல் நாளே என் மனைவி லூர்து, மகள் செலினைக் கூட்டிக்கொண்டு காம்பாரில் இருக்கும் மருமகன் வீட்டுக்குப் போயிருந்தாள். சம்பந்தி வீட்டாரிடம் எனக்குத் தொண்டையில் ஆபரேசன் என்று மட்டும் சொல்லியிருந்தோம். புற்றுநோய் என்ற வார்த்தையை நான்தான் வேண்டாம் என்றேன்.

கிறிஸ்துமசுக்கு எட்டு நாள் இருந்தது. லூர்து போகும் முன் வாசலில் நட்சத்திர விளக்கைக் கட்டி, முறுக்கு டின்களை அடுக்கி வைத்திருந்தாள்.

விளக்கு எரிகிற வீட்டுக்கு எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு வருவதில்லை, நேரே வந்துவிடுவார்கள். நான் விடுப்பில் வீட்டில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். கேரல் பாடுகிறவர்கள் வருவார்கள். வரிசை வீட்டுப் பிள்ளைகள் முறுக்குக்கு வருவார்கள். எதிர்வீட்டு மலாய்க்காரர் புதிதாகப் பிறந்த பேத்தியைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார். கேட்டைப் பூட்டினால் மோட்டார் சைக்கிள் உள்ளே நிற்பதைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். வெளியே போய், என் உடம்பிலிருந்து கதிர் வருகிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஓர் அட்டையில் எழுதிப் பார்த்தேன். 'புற்றுநோய்' என்று எழுதியதும் கை நின்றது. நான்கு அட்டை வீணானது.

வீட்டு ஓரத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. ஒரு கொத்து ஒடித்துக் கேட்டில் கட்டினேன். எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வேப்பிலை தொங்குகிற வீட்டுக்கு இந்துவும் வரமாட்டார், கிறிஸ்தவரும் வரமாட்டார். அங்கே அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

யாரும் வரவில்லை. எதிர்வீட்டு மலாய்க்காரருக்கும் யாரோ அர்த்தம் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஐந்து நாள் நான் நிம்மதியாக இருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. கல்யாணத்துக்கு முன் மாமா வீடு, பிறகு மனைவி, மகள், இரவு வேலை. இப்படி ஒரு வீட்டில் நான் தனியாக இருந்ததே இல்லை. தண்ணீர் நிறையக் குடித்தேன். கழிவறையில் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை தண்ணீர் விட்டேன். எச்சில் சுரப்பி கெடாமல் இருக்கப் புளிப்பு மிட்டாய் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். நான் 'அசம் போய்' என்கிற உப்புப் புளிப்புப் பழ வற்றலை வாயில் அடக்கிக்கொண்டேன். என் தட்டு, என் துண்டு தனி. மாத்திரை தொடங்கியிருந்தாலும் உடம்பு இன்னும் மெதுவாகத்தான் இருந்தது. வெயில் சமையலறைத் தரையில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போவதை உட்கார்ந்து பார்ப்பேன். அது போய்ச் சேரும் வரை எனக்கு வேறு வேலை இல்லை.

ஒரு மாலை கேரல் குழு வந்தது. கிட்டார் கேட்டில் நின்றது. தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு காலடிச் சத்தம் அடுத்த வரிசைக்குப் போனது. நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா மட்டும் மதில் வரை வந்தார். நான் ஜன்னலைத் திறக்கவில்லை.

"அந்தோணி, தலைக்குத் தண்ணி ஊத்திராத. அம்மா கோச்சுக்கும். கூழு வச்சிருக்கேன், எடுத்துக்க."

மதில்மேல் கேழ்வரகுக் கூழும் இளநீரும் இருந்தன. தினமும் வைத்தார். தினமும் எடுத்துக்கொண்டேன். நன்றாக இருந்தது.

கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னால் லூர்து போன் செய்தாள்.

"என்னா வேல செஞ்சி வச்சிருக்கீங்க?"

"என்னா?"

"பார்வதி அக்கா கூப்பிட்டுத் திட்டுறாங்க. புருசனுக்கு அம்மை போட்டிருக்கு, தனியா விட்டுட்டுப் போயிட்டியேன்னு. ஸ்பீக்கர்ல பேசிக்கிட்டிருந்தேன். சம்பந்தியம்மா பக்கத்துல நிக்கிறாங்க."

நான் போனோடு ஜன்னலுக்குப் போய்க் கேட்டில் தொங்கிய கொத்தைப் பார்த்தேன்.

"அம்மை உள்ள வீட்லேர்ந்து பிள்ளத்தாச்சி வந்திருக்கான்னு செலின இப்பவே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகணுங்கிறாங்க. ரத்தம் எடுக்கணுமாம். அந்தப் பிள்ள அழுவுது. நட்சத்திரத்துக்குக் கீழ வேப்பில கட்டுன ஒரே கிறிஸ்தவன் நீங்கதான்லா."

"நீ சொல்லிரு."

"நான் சொல்ல மாட்டேன். மறைக்கச் சொன்னது நீங்க. இந்தா, அவங்ககிட்டயே பேசுங்க."

போன் கைமாறியது. சம்பந்தியம்மாவிடம் நான் அதுவரை இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"வணக்கங்க. அம்மை இல்லீங்க. எனக்குக் கேன்சர். கழுத்துல. எடுத்துட்டாங்க. இப்ப குடுத்திருக்க மருந்துல மூணு வாரம் கதிர் வரும். செலினுக்கு ஆகாதுன்னுதான் அங்க அனுப்புனேன். அது என் பக்கத்துலயே வரல. ரத்தம் எடுக்க வேணாங்க."

 

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க என்ன கடிச்சா தின்னுருவோம்?" என்றார். பிறகு, "செலின் இங்கயே இருக்கட்டும். நாள் முடிஞ்ச பொறவு வாங்க," என்றார்.

சட்டை முழுக்க வேர்த்திருந்தது. பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்கு வேர்த்தது.

அதே சூட்டில் கொல்லைப்பக்கம் போய் மதிலுக்கு இந்தப் பக்கம், தள்ளி நின்று கூப்பிட்டேன். பார்வதி அக்கா கையில் கரண்டியோடு வந்தார்.

"அக்கா, அம்மை இல்லக்கா. கேன்சர்." மீதியையும் சொன்னேன்.

அவர் கரண்டியைப் பார்த்தார். "அப்ப நான் அஞ்சு நாளா தாளிக்காம ஆக்குனது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மை போட்ட வீட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய் காய வைத்துத் தாளிக்கமாட்டார்கள். ஐந்து நாளாக அந்தப் பக்கமிருந்து கடுகு வெடிக்கும் சத்தமே வரவில்லை. நான் அதையும் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சிருங்கக்கா."

"என் வூட்டுக்காரரு பருப்பப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. கருவாடு கேட்ட மனுசன இந்த வாரம் பூரா அம்மா பேரச் சொல்லி மெரட்டி வச்சிருக்கேன்." கொஞ்சம் நின்றார். "வேப்பில கட்டத் தெரிஞ்சிச்சு, வாயத் தொறக்கத் தெரியலயாடா தம்பி?"

அவர் மதிலோரம் வந்தார், நான் இன்னும் ஓர் அடி தள்ளிப் போனேன்.

"நான் இங்க நிக்கலாமா?"

"அங்க நிக்கலாம்கா. இந்தப் பக்கம்தான் வரக்கூடாது."

"நான் ஏன் வாரேன்? கூழு இனி கெடயாது. கறி வைக்கிறேன், எடுத்துக்க."

வேப்பிலையை அவிழ்த்தேன். வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. நான் ஒருவரிடம் சொன்னேன், தாமானுக்கு அவர் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் பேத்தியை வீட்டுக்குள் விட்டுவிட்டு வந்து, சாலையில் நின்றபடி கை காட்டினார்.

கிறிஸ்துமஸ் அன்று, கோயில் முழுக்கக் குழந்தைகள் இருப்பார்கள் என்பதால், நான் பூசைக்குப் போகவில்லை. முன் கதவைத் திறந்து வைத்து உள்ளே உட்கார்ந்திருந்தேன். முறுக்கு டின்களை மைத்துனர் முன்பே கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார். வெளியே ஆட்கள் புதுத்துணியோடு போனார்கள். சிலர் என்னைப் பார்த்தார்கள். பார்த்தால் நானும் தலையசைத்தேன். முந்தைய ஐந்து நாள் கதவுக்குப் பின்னால் இருந்ததைவிட அன்று அதிகத் தனிமையாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. காரணம் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யாராவது கேட்டைத் தட்டினால் என்ன செய்வது என்ற நினைப்பு இல்லை. அதுவாக இருக்கலாம்.

செலினின் மகன் ஜனவரி கடைசியில் பிறந்தான். டாக்டர் சொன்ன மூன்று வாரம் முடிந்து மேலும் பல நாள் ஆகியிருந்தது. பினாங்குக்குப் போன் செய்து கேட்டு உறுதிப்படுத்தியும் இருந்தேன். ஆனாலும் லூர்து துணியோடு குழந்தையை நீட்டியபோது என் கால் இரண்டும் தானாகப் பின்னால் போயின. நான் போகச் சொல்லவில்லை. முதுகு சுவரில் இடித்த பிறகுதான் தெரிந்தது.

"அப்பா, நாள் முடிஞ்சிருச்சுப்பா," என்றாள் செலின்.

"தெரியும்."

"தெரிஞ்சா வாங்கிக்கங்க."

வாங்கிக்கொண்டேன். கழுத்துப் பக்கம் படாமல், கொஞ்சம் கீழே, வயிற்றோடு பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஸ்கேனில் மிச்சம் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மாத்திரை சாகும்வரை. முன்பு உடம்பின் வேகத்தை உள்ளே ஏதோ ஒன்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டது. இப்போது அது ஒரு சிறிய வெள்ளை மாத்திரையில் வெளியே இருக்கிறது. காலையில் எழுந்து நான் விழுங்கினால்தான் அன்றைய நாள் ஓடும்.

விழுங்கிய பிறகு அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. அந்த அரைமணி நேரம் வீட்டில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. நான் அப்படிக் கேட்கவில்லை, அதுவாக அமைந்துவிட்டது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பேன். முன்பெல்லாம் அரைமணி நேரம் என்றால் இரண்டு லாரிக்குச் சரக்கு ஏற்றுவேன். இப்போது அது என்ன என்று எனக்கே சொல்லத் தெரியாத ஒரு நேரம்.

நேற்று அந்த நேரத்தில் செலின் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். தூக்கித் தோளில் சாய்த்தேன், அவன் என் கழுத்துத் தழும்பில் முகத்தை வைத்துத் தூங்கிவிட்டான். அரைமணி முடிந்தது. லூர்து தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் கையை நீட்டவில்லை.