வரம்பு விட்ட ஹார்ட் டிஸ்க்

ஜேர்மனியில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, நல்ல சாமானைத் தெருவோரம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது. கதிரை, அலுமாரி, ரேடியோ எல்லாம் வாசலுக்கு வரும். விரும்பியவர் எடுக்கலாம், மிச்சத்தை லொறி அள்ளிப்போகும். இலங்கையில், எங்கள் கல்முனைப் பக்கம் அப்படி வைத்தால் அந்த வீட்டில் யாருக்கோ புத்தி பிசகிவிட்டதென்று அயல் முழுக்கக் கூடிவிடும். அப்படியொரு குவியலில்தான் அந்தப் பழைய லெப்டொப்பை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் எங்கள் ஊர் நிந்தவூர் வயல்களில் நின்றுபோன உழவு மெஷின்களை ஓடவைத்த கை இது. இதையும் ஓடவைத்தேன்.

என் மனைவி நசீமா ஊரில் கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரி. இங்கே ஹோட்டலில் கட்டில் விரித்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னேரம் போகும் கொம்பியூட்டர் வகுப்பில் உதவியாளர் வேலையொன்று இருந்தது. லினக்ஸ் என்ற சிஸ்டத்தைப் பழைய மெஷினொன்றில் ஏற்றிக் காட்டினால் அது அவளுக்கு என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

"இஞ்ச பாருங்க, இது எண்ட வேல. நீங்க கை வைக்கப்படாது" என்றாள்.

"நான் வைக்காத மெஷின் இந்த உலகத்தில இரிக்கா புள்ள?"

அவள் வேலைக்குப் போனதும் பக்கத்து வீட்டுக் குந்தரைக் கூப்பிட்டேன். ரயில்வேயில் வேலை செய்து ஓய்ந்தவர், கொம்பியூட்டர் பைத்தியம். ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும், ஒன்றில் பழைய விண்டோஸ் இருக்கட்டும், மற்றதில் லினக்ஸ் என்றார். பிரிப்பதா? சகோதரங்களுக்குள் வயல் பிரித்தபோது கயிறு பிடித்தவனே நான்தான். குந்தரின் விரலை நகர்த்திவிட்டு அளவை நானே சொன்னேன். இரண்டு துண்டுக்கும் நடுவில் கொஞ்சம் வெறுமையாக விடச் சொன்னேன்.

"இது ஏன்?" என்று கேட்டார்.

வயல் வரம்புக்கு எனக்கு ஜேர்மன் சொல் தெரியாது. "நடக்க" என்றேன்.

"உள்ளே யார் நடப்பார்?"

"இரண்டு பக்கத்தாரும்."

அவர் நான் சொன்னபடியே இடம் விட்டுவிட்டுக் கோப்பி கேட்டார்.

வீட்டுக்கு வந்த நசீமா பொரிந்து தள்ளினாள். "அல்லாஹ்வே! வயக்காடெண்டு நினைச்சீங்களா? இத என்னெண்டு டீச்சரிட்டக் காட்டுற?" பிறகு வகுப்பில் தந்த புத்தகத்தை விரித்துவைத்து, லினக்ஸ் இருந்த ஃப்ளொப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். பாதியில் மெஷின் நின்றது. மறுபடி போட்டாள், மறுபடியும் நின்றது. ஹோட்டல் உடுப்போடேயே குந்தியிருந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். நான் முதல் தடவையாக மெஷினில் கை வைக்காமல் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

மெஷினின் ஞாபகசக்தி சின்னது. நிரம்பி வழிவதை இறக்கிவைக்க டிஸ்க்கில் தனியாக ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தாள். விண்டோஸைத் தொடவும் முடியாது, லினக்ஸ் துண்டில் வெட்டவும் இடமில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லச் சிரித்தாள்.

"உங்கட வரம்ப எடுக்கட்டா?"

"எடு புள்ள. உனக்காகத்தானே விட்ட."

"பொய்!" என்றாள். ஆனால் எடுத்தாள். அதன்பிறகு மெஷின் நிற்கவில்லை.

கடைசியில், எந்த ஊர் நேரம் வேண்டும் என்று அது கேட்டது. பட்டியலில் கொழும்பும் இருந்தது. "கொழும்பப் போடு" என்றேன்.

"நான் வேலைக்குப் போறது கொழும்புக்கா?" என்று பெர்லினைப் போட்டாள். என் முகம் சுருங்கியதைக் கண்டிருக்க வேண்டும். என் பெயரில் உள்ளே நுழைய வேறொரு வாசல் திறந்து, அதற்கு மட்டும் கொழும்பு நேரம் வைத்துத் தந்தாள். ஒரே மெஷினில் ஆளுக்கொரு நேரம் வைக்கலாமாம்!

வரம்பு விட்டது கணவர் என்பதை மறைக்காமலே ஆசிரியையிடம் காட்டினாள். வேலை கிடைத்தது.

முதல்நாள் விடியக்காலையில் அவள் படியிறங்கிப் போனாள். வெளியே பனி, இருட்டுக்கூட விலகவில்லை. லெப்டொப்பைத் திறந்தேன். ஒரு விசையை அழுத்தினால் அவளுடைய வாசல், அவளுடைய காலை. அடுத்ததை அழுத்தினால் என் வாசல், நிந்தவூரில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம். அவளுக்காக அல்லாஹ்விடம் கையேந்த எந்த நேரத்தில் நிற்பது என்று தெரியாமல், இரண்டு விசைகளையும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தேன்.