தீக்காயத்துக்கு வரி

எங்கள் வீட்டில் வருமான வரிக் கடிதம் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. யாழ்ப்பாணப் பக்கத்துக் கரவெட்டியில் வரி கட்டுமளவுக்குக் காசு வருகிற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் எங்களுடையதும் ஒன்று என்பது அம்மாவின் பெருமை. யாராவது வந்தால் தேத்தண்ணி கொடுப்பதற்கு முன்பே, "வரிக் கந்தோராலை திரும்பவும் கடிதம். உவங்கள் எங்களை விடுறாங்களில்லை" என்று அலுத்துக்கொள்வார். அப்படியொரு சந்தோசமான அலுப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அது நாங்கள் கட்டத் தேவையே இல்லாத வரி.

அப்பா மலாயாவில் தீயணைப்புப் படையில் இருந்தவர். ரப்பர்க் கிட்டங்கி ஒன்று பற்றியெரிந்தபோது உள்ளே போனவர்மேல் கூரை விழுந்தது. கழுத்துக்குக் கீழே வெந்துபோனார். இடதுகை அதன்பிறகு தோளுக்கு மேலே எழும்பவில்லை. இனி வேலைக்கு ஏலாது என்று, காயத்துக்கான ஓய்வூதியத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் ஊருக்கு வந்து இறங்கியதும் மாமா, அதாவது அம்மாவின் தமையன், செய்த முதல் வேலை அந்தக் கதையை மாற்றியதுதான். பெரிய உத்தியோகம் பார்த்து, சேவைக்காலம் முடிந்து வந்தவர் என்று ஊரெல்லாம் சொன்னார். அதன்பிறகு அப்பா எந்தப் புழுக்கத்திலும் நீளக்கைச் சட்டையோடு இருந்தார். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால் வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். மலாயாத் திமிர் என்றது ஊர். அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. திமிர் பிடித்தவரின் மகளைக் கட்ட ஆள் வரும், வெந்தவரின் மகளுக்கு வராது என்று அவர் நம்பினார்.

வரிக் கந்தோரிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு படிவம் வரும். ஓய்வுபெற்றதற்குக் காரணம் என்ன என்று அதில் ஒரு கேள்வி. வேலையில் பட்ட காயம் என்றால் அந்த ஓய்வூதியத்துக்கு வரி இல்லை, சேவைக்காலம் முடிந்தது என்றால் உண்டு. காயம் என்று எழுதுகிறவர் அதற்கான கடிதத்தைக் காட்டி ஊர் அலுவலரான விதானையாரிடம் உறுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். விதானையார் கண்டால் பொழுதுபடுவதற்குள் ஊர் கண்டுவிடும். ஆகவே ஆண்டுதோறும் மாமா வந்து 'சேவைக்காலம் முடிந்தது' என்ற இடத்தில் அடையாளம் போடுவார், அப்பா கீழே கையெழுத்து வைப்பார். வரி கட்டாமல் இருக்கப் பொய் சொல்கிறவர்களை எனக்கு விளங்கும். என்னைப் பெற்று வளர்த்தவர்கள் வரி கட்டுவதற்காகப் பொய் சொன்னவர்கள். அப்பாவின் தழும்பு வெடிக்கும்போது பூசுகிற மருந்தைக் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். வரி கட்டிய மாதத்தில் கையைக் கடிக்கிறது என்று அம்மா அதை நிறுத்திவிடுவார். அப்பா தேங்காயெண்ணெயைப் பூசிக்கொண்டு படுப்பார்.

எண்பத்தாறில், என் இருபத்தெட்டாவது வயதில், வட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு மாமா வரிக் கடிதத்தை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளையின் தகப்பன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தொகையை வாசித்தார். என்னைப் பார்க்க அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அவர்கள் சம்மதம் சொல்லிப் போனபிறகு மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அத்தான், கலியாணத்திலை தாரை வாக்கேக்கை மேலுக்குச் சட்டை இல்லாமல் இருக்கவேணும். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. உங்களுக்குக் காய்ச்சலெண்டு சொல்லிப்போட்டு நானும் என்ரை மனுசியும் இருந்து தாரை வாக்கிறம்."

"ஓமண்ணை, அதுதான் நல்லது" என்றார் அம்மா.

அப்பா நிலத்தைப் பார்த்தபடி, "ஓம்" என்றார்.

எனக்கு மாமாமேல் வந்ததைவிட அப்பாமேல்தான் கோபம் வந்தது. எரிகிற கிட்டங்கிக்குள் போன மனிதர், ஒரு மச்சானுக்குப் பயந்து பெற்ற மகளின் கலியாணத்தன்று காய்ச்சல்காரனாகப் படுத்துக்கிடக்கச் சம்மதிக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். அடுத்தநாள் காலை அம்மாவின் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் இருந்த, காயத்துக்கான மலாயாக் கடிதத்தையும் அந்த ஆண்டு வரிப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு விதானையார் வீட்டுக்குப் போனேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"இதென்ன பிள்ளை, கொப்பர் நெருப்பிலை எரிஞ்சவரே?"

"எரிஞ்சவர்தான். நீங்கள் கையெழுத்தைப் போடுங்கோ."

பொழுதுபடும்வரை ஊர் காத்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கே செய்தி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். மாமா மூன்று மாதம் எங்கள் வாசல் படலையைத் திறக்கவில்லை, அதை நான் ஒரு தண்டனையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். முதலில் நன்றாகப் பொருந்தியிருந்த அதே சாதகம்தான். அப்பா சந்தோசப்படுவார் என்று நினைத்திருந்தேன். "என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், பிள்ளை" என்று மட்டும் சொன்னார். வீட்டில் உள்ள கோழைகளோடு அவரையும் சேர்த்துக்கொண்டு நான் முகத்தைத் திருப்பினேன்.

காயம் என்று எழுதிய படிவம் போய்ச் சேர்ந்தபிறகு வரிக் கந்தோர் அப்பாவை அழைத்தது. கோட்டைக்குள் இருந்த இராணுவம் ஷெல் அடித்தால் பூட்டிவிட்டு ஓடுகிற கந்தோர், கடிதம் அனுப்புவதை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை. நெல்லியடியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பழைய படிவங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார்.

"சேவைக்காலம் முடிஞ்சு வந்தனெண்டு எல்லா வருசமும் நீங்கள்தானே கையெழுத்து வைச்சிருக்கிறியள். இப்ப காயமெண்டுறியள். நாங்கள் எதை நம்புறது?"

மலாயாக் கடிதத்தை நீட்டினேன். அது பழைய கடிதம், காயம் இப்போதும் இருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். மூடத்தனத்துக்கும் ஓர் அளவு இல்லையா என்று எனக்குக் கொதித்தது. இந்த மனிதரை வெல்ல வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் மண்டையில் இல்லை.

"கழட்டிக் காட்டுங்கோ, அப்பா" என்றேன். கந்தோர் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வலது கையால் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். இடதுகை எழும்பாததால் சட்டை தோளில் சிக்கியது, நான்தான் பிடித்து இழுத்துவிட்டேன். நெஞ்சு, வயிறு, முதுகு எங்கும் தோல் உருகி, இழுபட்டு, மினுங்கிக்கொண்டிருந்தது. விலாவில் ஓரிடம் புதிதாக வெடித்து ஈரமாக இருந்தது. தட்டச்சு அடித்துக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள். அவரின் மகளாக இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்த நான், நாலு எழுதுவினைஞர்களோடு சேர்ந்து அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

"காணும் ஐயா, சட்டையைப் போடுங்கோ" என்று அதிகாரி கோப்பைப் பார்த்தபடி சொன்னார். இனி வரி இல்லை என்று எழுதி, ஒப்பமிட்டுத் தந்தார்.

வெளி விறாந்தையில் நின்று அப்பா பொத்தான்களைப் பூட்டினார். ஒற்றைக் கையால் பூட்டியதால் நேரமெடுத்தது. உதவப் போன என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, கழுத்துப் பொத்தானையும் பூட்டி முடித்த பிறகு கேட்டார்.

"இனி வேறை ஆருக்கும் காட்டவேணுமே, பிள்ளை?"