கட்டிலடியில் பாரம் கொடுத்தல்

யுத்த காலத்தில் மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் வைத்தியசாலையில் தாதியாக இருந்தேன். அதை நடத்திவந்த டொக்டர் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார். எங்களுக்கு ஒரு மனேஜர் வந்து சேர்ந்தார். ஒரு நோயாளியின் நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்த்தறியாத மனிதர். எங்கள் வேலையில் எது வீண் என்பதை மட்டும் ஒரே கிழமையில் கண்டுபிடித்துவிட்டார்.

முதலில் ஆட்களைக் குறைத்தார். வார்டுக்கு ஒரு வேளைக்கு ஒருத்தி என்றானது. பிறகு, பாரம் கொடுப்பதில், அதாவது நோயாளிகளை அடுத்தவளிடம் ஒப்படைப்பதில், கை வைத்தார். பகல் இரண்டு மணிக்கு ஆள் மாறும்போது, போகிறவளும் வருகிறவளும் சேர்ந்தே ஒவ்வொரு கட்டிலடிக்கும் போவோம். நோயாளியோடு பேசி, தொட்டுப் பார்த்துத்தான் பாரம் கொடுப்போம்.

"ரெண்டு பேர் நின்னு கதைக்கிறதெல்லாம் வேலையா?" என்றார் மனேஜர். இனிப் படிவத்தில் சரி போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனால் போதுமாம். 'தாதியருடன் தேவையின்றிக் கதைக்க வேண்டாம்' என்று சுவரில் ஒரு பலகையும் ஏறியது. நான் கட்டிலடிக்குப் போவதை விடவில்லை. இன்னொரு தரம் கண்டால் வேலை போகும் என்று எச்சரித்தார். எனக்குப் பயம்தான், வீட்டில் உழைக்கிறவள் நான் ஒருத்தி.

அடுத்த நாள் பாலத்துச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். நான் போய்ச் சேர மூன்றரை மணி. காலை வேலைக்கு நின்ற என் தோழி எப்போதோ படிவத்தை நிரப்பிவிட்டாள். ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. "வா புள்ள, பாரம் எடு" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

மூன்றாம் கட்டிலில் படுவான்கரைப் பெண் ஒருத்தி. வாவியைத் தோணியில் கடந்து வந்து அன்று காலைதான் பிள்ளை பெற்றிருந்தாள். படிவத்தில் எல்லாம் சரி. எப்படி இருக்கு என்று கேட்டேன். சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது. வயிற்றில் கை வைத்தால் கருப்பை இறுகாமல் இளகிக் கிடந்தது. போர்வையை விலக்கினேன், படுக்கையெல்லாம் இரத்தம்.

"ஏன் புள்ள சொல்லல்ல?"

"கதைக்கப்படாதெண்டு எழுதிக் கிடக்கே, மிஸ்ஸி."

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நான் வயிற்றை அழுத்திப் பிசைந்தேன். தோழி ஊசிக்கும் டொக்டருக்கும் ஓடினாள். ஐந்து மணிக்கு அந்தப் பெண் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கதிரையில் ஏறிப் பலகையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு, செய்தி கேட்டு, லீவில் நின்ற தாதிமாரும் எங்களோடு பாரம் எடுக்க வந்துவிட்டார்கள். மனேஜர் கையில் வேலைநீக்கக் கடிதத்தோடு மூன்றாம் கட்டிலை மறித்து நின்றார்.

"போர்டைக் கழட்டினது யாரு?"

"நான்தான். அதப் பாத்துத்தான் இந்தப் புள்ள வாய் துறக்கல்ல. கேட்டுப் பாருங்க சேர்."

அவர் அவளிடம் கேட்காமல் கடிதத்தை என்னிடம் நீட்டினார். அவளே எழுந்து உட்கார்ந்து, "ஓம் ஐயா, செத்திருப்பன்" என்றாள். நீட்டின கடிதம் அவர் கையிலேயே நின்றது.

எனக்குப் பயமெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

"கொஞ்சம் விலகுங்க சேர், பாரம் எடுக்கணும்."

விலகினார்.