இல்லாத இடக்கொம்பு

பள்ளிப் பிள்ளைகளுக்கான இயற்கைக் கையேடு ஒன்றுக்குப் படம் வரைய ஒப்புக்கொண்டபோது, அதில் ஒரே ஒரு பக்கம் என்னை இந்தப் பாடு படுத்தும் என்று தெரியாது. அந்தப் பக்கத்தின் தலைப்பு 'கொம்புள்ளவை'. மேல் பாதியில் வெள்ளாடு, வெளிமான், புள்ளிமான், நாட்டு மாடு. கீழ்ப் பாதியில் கொம்பு மாதிரிக் காய்க்கும் செடிகள்: வேலிப்பருத்தி, யானை நெருஞ்சி, எருக்கு. ஆட்டையும் எருக்கையும் எதற்கு ஒரே பக்கத்தில் போட வேண்டும் என்று பதிப்பாசிரியரிடம் கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். "பிள்ளைங்க ஒப்பிட்டுப் பாக்கட்டும்மா" என்றார். எதை எதோடு ஒப்பிடுவது என்று எனக்கே விளங்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். விளங்காதபோது சரி என்று சொல்வது, நாவலூரில் பன்னிரண்டு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில் வந்த பழக்கம். வேலையை விட்ட பிறகும் அது மட்டும் போகவில்லை.

மான்களைச் சென்னைக்குப் போய்ப் பார்த்து வரைந்தேன். ஆடு எங்கள் தெருவிலேயே கிடைத்தது. நாட்டு மாடுதான் கிடைக்கவில்லை. ஊரப்பாக்கத்தில் மாட்டுக்கு என்ன பஞ்சம்? சாலை நடுவிலேயே படுத்து அசைபோடும். ஆனால் நான் பார்த்ததெல்லாம் கலப்பினம், கன்றாக இருக்கும்போதே கொம்பைச் சுட்டுவிடுகிறார்கள். எல்லாம் மொட்டைத் தலை. எனக்கோ கண்ணால் பார்க்காததை வரைய மாட்டேன் என்று ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தும் வைத்திருந்தேன்.

ஆவணியில் ஒருநாள், மாட்டைத் தேடி உள்ளே ஏரிக்கரைக் கிராமம் ஒன்றுவரை ஸ்கூட்டரில் போய்விட்டேன். அங்கே ஒரு வேலி முழுக்க வேலிப்பருத்திக் கொடி. அந்தக் காய் இரட்டையாகக் காய்த்து, மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். வேலியில் பார்த்தால் காம்புக்கு ஒரே ஒரு காய். அடுத்ததும் ஒன்று. அதற்கடுத்ததும் ஒன்று. புத்தகம் தப்பா, வேலி தப்பா என்று யோசித்தபடி ஒரு காயைத் திருகினேன்.

"இன்னாக்கா, அத்த எதுக்குப் பறிக்கிற? ஆடுகூட சரியா துன்னாது அத."

வேலிக்கு அந்தப் பக்கம் என் வயதுக்காரி ஒருத்தி நின்றிருந்தாள். கையில் சாணிக்கூடை. வரைவதற்கு என்றேன். "அது சரி, ரோசாப்பூவெல்லாம் தீந்துபோச்சா?" என்று சிரித்தாள். அவளுக்குப் பின்னால்தான் அந்த மாடு நின்றது. நல்ல செவலை நாட்டு மாடு. வலக்கொம்பு வெளியே போய் மேலே ஏறி, நுனியில் லேசாக உள்ளே திரும்பியது. இடப்பக்கம் நான்கு விரல் உயரத்துக்கு அடித்துண்டு மட்டும், மேலே தட்டையாக. அதில் போன பொங்கலுக்கு அடித்த சிவப்புப் பெயின்ட் பாதி உரிந்து கிடந்தது.

"கொம்பு என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அது மழையில பூட்ச்சி" என்று சொல்லிவிட்டு எனக்கு மோர் கொண்டுவர உள்ளே போனாள்.

மழையில் கொம்பு எப்படிப் போகும்? ஊறி அழுகுமா? வீட்டுக்கு வந்து கால்நடை மருத்துவப் புத்தகத்தையெல்லாம் புரட்டினேன். கொம்பில் புற்றுநோய் வரும் என்று இருந்தது, மழை என்று எங்கும் இல்லை. திரும்ப அவளிடம் கேட்டிருக்கலாம். அடுத்தடுத்து மூன்று நாள் அங்கே போய் வரைந்தேன், கேட்கவில்லை. நோய் என்றால் அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மாட்டுக்கு நேர் எதிரே நின்று வரைவதில் ஒரு தொல்லை உண்டு. மாட்டுக்கு இடது எனக்கு வலது. குறிப்பேட்டில் இடம், வலம் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் 'வீட்டுப் பக்கக் கொம்பு', 'வேலிப் பக்கக் கொம்பு' என்று குறித்தேன். அடுத்த நாள் அவள் மாட்டை வேறு பக்கம் கட்டியிருந்தாள்.

மூன்றாம் நாள் கிளம்பும்போது கேட்டாள்: "புக்கு வந்தா எனக்கு ஒண்ணு குடுக்கா. ஊர்ல எல்லாரும் ஒத்தக்கொம்பு, ஒத்தக்கொம்புன்னு கிண்டல் பண்ணிகினு கீறாங்க. புக்குலயே வந்துச்சின்னு காட்டுறேன்." கட்டாயம் தருகிறேன் என்றேன்.

பேராசிரியருக்கு முதல் படத்தை அனுப்பினேன். அன்று மாலையே போன் வந்தது.

"நான் ஒரு மாட்டைக் கேக்கலம்மா. மாட்டைக் கேட்டேன்."

"புரியலை சார்."

"இது யாரோ வீட்டு மாடு. புத்தகத்துல வர்றது பொதுவான மாடு. காயம், கயித்துத் தடம், பெயின்ட் எதுவும் கூடாது. கொம்பு ரெண்டு இருக்கணும். வேலிப்பருத்திக்கும் காய் ரெண்டு."

சரி சார் என்றேன். பிறகு இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பொதுவான மாடு எங்கே நிற்கும்? எந்த வீட்டில் கட்டியிருப்பார்கள்? நான் பார்த்த வேலியில் பெரும்பாலும் ஒற்றைக் காய்தான், ஆனால் உண்மை இரட்டைக் காய் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு பிள்ளை இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மாட்டுக்குக் கொம்பு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டால் யார் பொறுப்பு? இரட்டைக் காயை எப்படியோ தேடிப் பிடித்துவிட்டேன். இடக்கொம்புக்கு எங்கே போவது?

மாமல்லபுரத்துக்குப் போனேன். சொன்னால் சிரிப்பார்கள், கல்லிலாவது நாட்டு மாட்டின் ஜோடிக் கொம்பு கிடைக்குமா என்றுதான் போனேன். கடற்கரைக் கோயில் மதிலில் நந்திகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உப்புக்காற்று அவற்றின் முகத்தையே தின்றிருந்தது, கொம்பை எங்கே தேட? வேறொரு மண்டபத்துப் பசுவின் முன்னால் செல்பி எடுக்கும் கூட்டம். அரைமணி நேரம் நின்றும் எனக்கு ஒரு பக்கம்தான் தெரிந்தது. வெள்ளரிக்காய் வாங்கித் தின்றுவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அதன் பிறகு செய்ததுதான் நான் செய்திருக்கக் கூடாதது. எங்கள் தொழிலில் இரண்டு பக்கமும் ஒத்திருக்கும் எதையும் பாதிதான் வரைவோம். ட்ரேசிங் தாளை நடுவில் மடித்து, நகத்தால் தேய்த்தால் மறுபாதி தானாக விழும். பூச்சி, இலை, மண்டையோடு எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. வலக்கொம்பை மடித்துத் தேய்த்தேன். இடக்கொம்பு வந்துவிட்டது. பார்க்காததை வரைய மாட்டேன் என்ற பிடிவாதமெல்லாம் ஒரு நகத்தேய்ப்பில் முடிந்தது.

மாடு முன்னைவிட லட்சணமாகத்தான் இருந்தது. எனக்கு என்னவோ உறுத்தியது. பிறகு அவள் நினைவு வந்தது. ஊரே கிண்டல் செய்கிறது என்றாளே, இரண்டு கொம்போடு பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! அப்படி நினைத்ததும் உறுத்தல் போய்விட்டது. அவளுக்கு ஏதோ வரம் கொடுக்கப் போகிறவள் மாதிரி அன்று நன்றாகத் தூங்கினேன்.

மார்கழியில் புத்தகம் வந்தது. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குத்தான் போனேன். கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ஆட்டைப் பார்த்தாள், மான்களைப் பார்த்தாள். மாட்டைத் தாண்டிப் போய் எருக்கைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"எங்கக்கா எம் மாடு?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"இதுவா?" படத்தைப் பார்த்தாள், கொட்டகையில் நின்ற மாட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கட்டை விரலை அந்த இடக்கொம்பின் மேல் வைத்து மறைத்தாள். "ஆங். இப்பதான் நம்மளுது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "கிண்டல் பண்றாங்கன்னு சொன்னியே, அதான்..."

"பண்றாங்க. அதுக்காவ கொம்ப ஒட்டவெச்சிடுவியா?" கோபமாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டாள். "ஏரி ஒடஞ்சி வெள்ளம் வந்துச்சே ஒரு வருசம், அப்ப நான் இத்த ஓட்டிகினு வந்துகினு இருந்தேன். ரெண்டு பேரையும் தண்ணி அட்சிகினு பூட்ச்சி. நான் கயித்த வுடல. பாலத்துக் கம்பியில இது கொம்பு மாட்டிகிச்சி. அத்தோட நின்னோம். இது கழுத்தக் கட்டிகினு நான் எவ்ளோ நேரம் நின்னேன்னு எனக்கே தெரியல. ஆளுங்க வந்து என்னத் தூக்கிட்டாங்க, இது கொம்பு மட்டும் வரவேயில்ல. ஆக்சா பிளேடு போட்டு அறுத்துத்தான் இத்த மீட்டாங்க."

மழையில் போனது என்றால் இதுதான். நான் மருத்துவப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் அந்தத் தட்டையான அடித்துண்டை டிவைடர் வைத்து அளந்தவள், அது அறுத்த இடம் என்றுகூடப் பார்க்கவில்லை.

"கொம்பு எங்கன்னு எவனாவது கேட்டா, புக்கக் காட்டிச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். "இப்ப யாரு கேப்பாங்க?"

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பேராசிரியர் தப்பா, நான் தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகவில்லை. பிள்ளைகளுக்கு இரண்டு கொம்புள்ள மாடு வேண்டும்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பது யார் மாடு? அன்று அதையெல்லாம் யோசிக்க முடியவில்லை. தப்பாக விழுந்த மையைச் சுரண்ட ஒரு பிளேடு எப்போதும் என் பையில் இருக்கும். அதை எடுத்து, அவள் கையிலிருந்த பக்கத்தில் அந்த இடக்கொம்பை நுனியிலிருந்து மெல்லச் சுரண்டத் தொடங்கினேன். அச்சு மை லேசில் வரவில்லை, தாள் பஞ்சு பஞ்சாக எழுந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் வந்ததும் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"போதும்க்கா, முழுசா எடுத்துடாத. அடியில கொஞ்சம் வுடு. பொங்கலுக்கு கலர் அடிக்கணும்."