அப்பாவுக்கு ஆளுக்கொரு நோய் சொன்னோம்

அந்த வாரம் முழுக்க என் கைப்பையில் ஒரு படிவம் கிடந்தது. அப்பா கையெழுத்துப் போட வேண்டிய படிவம். நீட்டத் துணிவில்லாமல் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். திங்கட்கிழமை கோயமுத்தூரில் அறுவை சிகிச்சை. இது அம்மாவுக்கும் மாமாவுக்கும் எனக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் சொல்லவில்லை. "பேரச் சொன்னா பாதி உசுரு போயிரும். ஆரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று அம்மாவின் தம்பியான மாமா முதல் நாளே உத்தரவு போட்டுவிட்டார். நாமக்கல் பக்கம் இந்த நோய்க்கு இதுதான் முதல் வைத்தியம்.

என் பிழைப்போ அதே நோய்தான். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கணையக் கட்டிகளின் மூலக்கூறு விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கிறேன். மரபணுவில் என்ன பிழை என்று ஒரு கருவி சொல்லும். எந்த மரபணு இப்போது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்று இன்னொன்று. கடைசியில் என்னென்ன புரதம் உண்டாகியிருக்கிறது என்று மூன்றாவது. ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். மூன்றையும் ஒரே ஆளுக்கு அடுக்கிப் பார்த்தால்தான் கட்டியின் குணம் கொஞ்சமாவது பிடிபடும். நாளெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் கட்டிகளை எண்களாகப் பார்ப்பவள், அப்பாவின் ஸ்கேன் படத்தைப் பார்க்க முடியாமல் உறையோடு கவிழ்த்து வைத்தேன்.

கோயமுத்தூர் மருத்துவமனையிலும் அப்படி ஓர் ஆய்வு நடந்தது. அப்பாவின் கட்டியில் ஒரு துண்டு தர முடியுமா என்று கேட்டார்கள். அறுவைக்கான தாளில் மாமா அப்பாவிடம் ஏதோ சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார். இந்தப் படிவத்திலோ நோயின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரார் கொடுத்த துண்டுகளில் பிழைத்துவிட்டு, என் அப்பா என்றதும் ஒளித்துவைப்பதா? பெற்றவரிடமே கட்டியில் துண்டு கேட்கிறேனே என்று என்மேல் எரிச்சலாகவும் வந்தது. இரண்டு பக்கமும் நானே நின்று சண்டை போட்டேன்.

எங்கள் தப்பு, பேசிவைத்துக்கொள்ளாமல் பொய் சொன்னது. உடம்பு இளைத்ததற்கு அம்மா சர்க்கரை என்றாள். கண் மஞ்சளானதற்கு மாமா பித்தப்பைக் கல் என்றார். முதுகுவலிக்கு நான் வாயு என்றேன். முழுப் பூசணிக்காயை ஆளுக்கொரு துண்டாகச் சோற்றில் மறைத்தோம். அதுவும் முப்பது வருடம் கோழிப்பண்ணை நடத்திய மனிதரிடம்.

வெள்ளிக்கிழமை மதியம், அம்மா சமையலறையில் இருந்தபோது அப்பா கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, குட்டி போட்ட பூனையாட்ட நடக்கற. பையில என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

"கொண்டா இங்க."

கொடுத்துவிட்டேன். கண்ணாடியை மாட்டி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்.

"தீவனம் எடுக்கலீன்னு மட்டும் வெச்சு கோழிக்கு இன்ன சீக்குன்னு சொல்ல முடியாது. எச்சத்தையும் பாக்கோணும். எனக்கு ரெண்டு மாசமா வெளிக்குப் போனா எண்ணெயாட்ட மெதக்குது, நான் ஆருகிட்டயும் சொல்லல. உங்கம்மா சர்க்கரைங்கறா, உங்க மாமன் கல்லுங்கறான், நீ வாயுங்கற. எல்லாத்தையும் ஒரே கோழிக்கு வெச்சுப் பாத்தேன்."

"தெரிஞ்சும் ஏனுங்கப்பா கேக்கல?"

"அத்தன சிரமப்பட்டுச் சொல்றீங்க, எப்படிக் கேக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பேனா கேட்டார்.

"இதுல எனக்கு நல்லாகுமா?"

"உங்களுக்கு இல்லீங்கப்பா. பின்னால வாரவங்களுக்கு."

இந்த ஒன்றிலாவது பொய் சொல்லவில்லை. அவர் தாளை மடியில் வைத்து நீவினார். பிறகு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

அம்மாவின் காலடி கேட்டதும் படிவத்தை மடித்து என் பைக்குள் திணித்தார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லாத சாமி. தாங்க மாட்டா."

அம்மா காபி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அப்பா முகம் சுளித்தார். "ஒரு கரண்டி சர்க்கரை போட்டாத்தான் என்ன?"

"ஏனுங்க, டாக்டர்தான் கூடாதுன்னாங்களே" என்றாள் அம்மா. அவர் இன்னும் நம்புகிறார் என்ற நிம்மதியில் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நானும் தலையாட்டினேன்.