என் வீட்டு விமர்சகர்

என் கணவர் படம் பார்ப்பதில்லை. படத்துக்கு முன்னால் இருப்பார், அவ்வளவுதான். கதாநாயகன் முதல் ஆளை அடித்து விழுத்தும்போது இவருடைய தலை கதிரையின் ஒரு பக்கம் சாயத் தொடங்கும். கடைசிச் சண்டைச் சத்தத்துக்கு எழும்பி, வாயைத் துடைத்துக்கொண்டு, "என்னப்பா, வில்லன் செத்திட்டானே?" என்று கேட்பார். இந்த மனிதரைத்தான் நாற்பத்து மூன்று பேர் இருக்கும் ஒரு வட்ஸ்அப் குழு தன்னுடைய திரைப்பட விமர்சகராக வைத்துக் கொண்டாடுகிறது.

அது அவருடைய பழைய பள்ளிக்கூட நண்பர்களின் குழு. எல்லோரும் ஆண்கள். பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், மீதிப்பேர் திருகோணமலை டவுனிலும் உப்புவெளியிலும். புதுப்படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இவருடைய குரல் பதிவு குழுவுக்குப் போய்விட வேண்டும். இவருக்குத் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பொறுப்பாளர் வேலை. கிழமை முழுவதும் லொறிக்காரரோடு கத்திக் கத்திக் கரகரத்துப் போன தொண்டை, அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் வானொலி அறிவிப்பாளரின் தொண்டையாகிவிடும். "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்குவார். வீட்டில் ஒருநாளும் வராத இலக்கணத் தமிழ் எங்கிருந்துதான் வருமோ தெரியாது.

அந்த ஐந்து நிமிடத்தில் அவர் சொல்வது எல்லாம் நான் சொன்னது.

எனக்குப் படம் பார்க்கப் பிடிக்கும். திட்டிக்கொண்டு பார்ப்பேன், ஆனால் ஒரு காட்சியும் விடாமல் பார்ப்பேன். அடுத்த நாள் காலையில் குசினியில் தேங்காய் துருவும்போது எல்லாம் வாயில் வந்துவிடும். கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்குவதற்கே ஏன் நாலு நிமிடம் என்பேன். அந்தத் தங்கச்சிப் பிள்ளை அண்ணனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகவே சாகிறாள், சாவதற்கு முன்னால் அவளை ஒரு வசனம்கூடப் பேச விடவில்லை என்பேன். எங்களுடைய தமிழ் பேசுகிறோம் என்று இந்தியாக்காரர் ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஒரு 'அல்லோ'வை ஒட்டிக் கொல்வதைப் பற்றி என்னால் அரை மணித்தியாலம் பேச முடியும். இவர் அலுமாரியில் சாய்ந்துகொண்டு தேத்தண்ணியைக் குடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்பார். மனிசன் நல்லாய்க் கேட்கிறார் என்று ஆரம்பத்தில் எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது.

ஒருநாள் முன்னறையில் இருந்து அவருடைய குரல் கேட்டது. போட்ட பதிவைத் தானே திரும்பப் போட்டு ரசித்துக்கொண்டிருந்தார். "அந்தத் தங்கை, அண்ணனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகவே சாகிறாள், நண்பர்களே." நடுவில் ஒரு இடைவெளி வேறு விட்டிருந்தார். நான் துருவலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

"அது நான் சொன்னதெல்லே?"

"ஓம், நல்லாச் சொன்னனீர். அதுதான் போட்டனான்."

"நான் சொன்னதெண்டு போட்டனீங்களே?"

"இதென்ன கதை? வீட்டுக்குள்ள என்ர உம்மட எண்டு இருக்கே?"

இருக்கிறது. அவருடைய சேர்ட்டை நான் தோய்க்கும்போது இல்லாத அந்த வித்தியாசம் இந்த இடத்தில் இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது பெரிய விசயம் ஒன்றும் இல்லை. 'இது என்ர மனிசி சொன்னது' என்ற ஒரே ஒரு வசனம். சொல்கிறேன் என்றார். அடுத்த படத்துக்கு மறந்துபோனார். அதற்கு அடுத்ததுக்கு, பதிவு நீண்டுவிட்டது, இடமில்லை என்றார். என் கருத்துக்கு ஐந்து நிமிட இடமிருந்தது, என்னைச் சொல்ல மூன்று விநாடிக்கு இடமில்லை.

குழுவில் மற்றவர்கள் சொல்லும் கருத்துகளையும் பார்த்திருக்கிறேன். 'வேற லெவல்' என்று ஒருவர் எழுதுவார். எந்த லெவலில் இருந்து எந்த லெவலுக்கு என்று யாரும் கேட்பதில்லை. 'ஒருக்காப் பார்க்கலாம்' என்பார் இன்னொருவர், இரண்டு முறை பார்க்கச் சொல்லி யாரோ அவரை வற்புறுத்தியதுபோல. புது அல்பம் வந்தால் எல்லோருக்கும் ஒரே வசனம்தான்: 'பாட்டுகள் கேட்கக் கேட்கப் பிடிக்கும்.' கேட்கக் கேட்கப் பக்கத்து வீட்டு மோட்டர் சத்தமும்தான் பழகிப்போகும். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் என்னுடைய வசனங்களைக் கொண்டுபோய்ப் போட்டால் இவர் அறிஞராகத்தானே தெரிவார்.

அந்தப் புகழ் குழுவுக்கு வெளியேயும் பரவியது. உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வெள்ளைக்காரருக்குக் கிற்றார் வாசிக்கும் ஒரு தம்பி, குழுவில் ஒருவருடைய உறவு, ஆறு பாட்டுகளில் ஒரு அல்பம் செய்திருந்தார். வெளியீட்டு விழாவில் நயவுரை ஆற்ற வேண்டும் என்று இவரைக் கேட்டு வீட்டுக்கே வந்தார். இவர் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. எங்கள் ஊரில் புத்தகமோ பாட்டோ வெளியிட்டால் நயவுரை கட்டாயம். வெளியிடப்படுவது எதுவாக இருந்தாலும் அது நல்லது என்று மேடையில் ஏறி இருபது நிமிடம் சொல்வதற்குப் பெயர்தான் நயவுரை.

அந்தத் தம்பி போனதும் இவர் ஃபோனை என்னிடம் நீட்டினார். "ஒருக்காக் கேட்டுச் சொல்லுமன்."

"மேடையில என்ர பேரைச் சொல்லுவீங்களோ?"

"ஓம், ஓம்."

மூன்று தரம் கேட்டேன். பாட்டுகளுக்கு வீடியோவும் எடுத்திருந்தார்கள். முதல் ஐந்து பாட்டிலும் துறைமுகத்தை மேலே இருந்து காட்டினார்கள். கடற்கரையில் ஒரு பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மண்ணும் கண்ணும் பெண்ணும் வரிக்கு வரி வந்து போயின. பின்னால் மேளம் அடித்த அடியில், அவர் பாடுகிறாரா யாரையாவது உதவிக்குக் கூப்பிடுகிறாரா என்று தெரியவில்லை. ஆறாவது பாட்டு வேறு. விடுதியில் விடியக் காலையில் வெள்ளைக்காரருக்கு முட்டை பொரிக்கும் தன் தாயைப் பற்றிய பாட்டு. மேளம் இல்லை, கிற்றார் மட்டும். குரல் ஓரிடத்தில் பிசகியிருந்தது, அதைத் திருத்தாமல் விட்டிருந்தார்கள். கேட்டு முடிய அதை மட்டும் இன்னொரு தரம் போட்டேன்.

இவருக்கு எல்லாம் சொன்னேன். "ஐஞ்சு பாட்டிலயும் அந்தத் தம்பி வேற ஆரோவா நடிக்கிறார். ஆறாவதிலதான் அவர் வாறார். அதை முதலில வைச்சு, மேளத்தைத் தூக்கி எறிஞ்சிட்டு, மிச்சத்தைத் திரும்பப் பாடச் சொல்லுங்கோ." இவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். ஒரு தாளில் குறித்தும் கொண்டார்.

விழா பின்னேரம் மூன்றரைக்கு என்று போட்டு நாலரைக்குத் தொடங்கியது. மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை. முதற் பிரதி ஒன்று கொடுத்தே ஆகவேண்டும், ஆனால் இந்தக் காலத்தில் யாருடைய வீட்டிலும் சீடி போடும் பெட்டி இல்லை. ஆகவே தங்க நிறத் தாளில் சுற்றிய ஒரு பென் டிரைவைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பொன்னாடை போர்த்திய வர்த்தகர் ஒருவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, எந்தப் பக்கத்தைப் படம்பிடிப்பவருக்குக் காட்டுவது என்று தெரியாமல் நின்றார். அதற்குப் பிறகு என் கணவரைக் கூப்பிட்டார்கள்.

"ஆறு பாடல்களும் ஆறு முத்துக்கள்" என்று தொடங்கினார். இந்தத் தம்பியின் குரலில் எங்கள் துறைமுகத்தின் ஆழம் தெரிகிறது என்றார். கண்ணும் மண்ணும் பெண்ணும் கவிதையின் மூன்று தூண்கள் என்றார். நான் நாலாவது வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூட வரவில்லை. என் பெயரும் வரவில்லை. இந்தக் குப்பையோடு என் பெயர் வராமல் போனதே நல்லது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனாலும் அழுகை வரப்பார்த்தது. அதை மறைக்கக் கைதட்டினேன்.

விழா முடிந்து ரோல்ஸும் நெஸ்கபேயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாடகர் தம்பி தானாகவே என்னிடம் வந்தார். "அக்கா, நீங்கள் கேட்டனீங்களோ? எப்பிடி இருந்தது?"

என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்கிறார். முகத்துக்குப் பொய் சொல்ல எனக்கு ஏலாது. எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து பாட்டு, மேளம், ஆறாவது, அந்தப் பிசகிய இடம். நெஸ்கபே சீலையில் சிந்தியது, நான் நிறுத்தவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் சிரித்தார்.

"இதைத்தான் அக்கா அண்ணனும் சொன்னவர். போன கிழமை போன் எடுத்து, ஐஞ்சு பாட்டிலயும் நீ வேற ஆரோவா நடிக்கிறாய் எண்டு நேராச் சொன்னவர். மேடையில அப்பிடிச் சொல்ல ஏலாதுதானே. அண்டு முழுக்க நான் சாப்பிடேல்ல அக்கா. ஆனா அவர் சொன்னது சரி. ஆறாவது பாட்டைத்தான் இனி முதலில போடப்போறன்." பிறகு மரியாதையாக ஒன்று சேர்த்தார். "அண்ணனோட இருந்து இருந்து உங்களுக்கும் நல்ல ரசனை வந்திருக்கு."

"தம்பி, அதை அவருக்குச் சொன்னதே நான்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து என் கணவர் கையில் ரோல்ஸோடு வந்து சேர்ந்தார். என்ன விசயம் என்று கேட்டு, கண்ணைச் சிமிட்டி, "ஓம், ஓம். எல்லாம் இவாதான். நான் சும்மா வாய்" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது. எத்தனை வருசமாகக் கேட்ட உண்மையை மனிசன் கடைசியில் சபையில் சொல்லிவிட்டார். ஒருவரும் நம்பாத மாதிரிச் சொன்னார்.

வரும் வழியில் கோட்டையடியில், ஊருக்குள் திரியும் மான்களில் இரண்டு ரோட்டை மறித்துக்கொண்டு நின்றன. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஏன் கதைக்கிறீர் இல்லை?" என்றார். "உம்மட பேரைச் சொன்னனான்தானே?" நான் மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவருக்கு நான் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய் துருவினேன், வாயை மூடிக்கொண்டு துருவினேன். ஒரு பெரிய படம் வந்தது. இன்னொன்று வந்தது. குழுவில் கேட்கத் தொடங்கினார்கள். இவர் வேலை கூடிப்போச்சு என்றார், தொண்டை சரியில்லை என்றார். மூன்றாவது படத்துக்குக் குசினி வாசலில் வந்து நின்றார். "ஒரு நாலு வசனம் சொல்லுமன்" என்றார். கெஞ்சினார் என்றே சொல்லலாம்.

"நானே பதிஞ்சு தாறன். என்ர குரலிலயே போடுங்கோ. ஒரு சொல்லும் வெட்டக் கூடாது."

யோசித்தார். பிறகு சரி என்றார். அவருக்கு முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன், அதை நான் மறைக்கப் போவதில்லை.

குரல் பதிவுக்காக நான் தலை சீவிக்கொண்டேன். எனக்கே சிரிப்பு வந்தது. முதல் தரம் குரல் நடுங்கியது, அழித்தேன். நாலாவது தரம் சரியாக வந்தது. அவருடைய இலக்கணத் தமிழ் இல்லை, நான் பேசுகிற தமிழ். படத்தின் நல்லதையும் சொன்னேன், ஏனென்றால் அந்தப் படத்தில் இரண்டு காட்சி உண்மையிலேயே நல்லதாக இருந்தது. ஞாயிறு காலை அவர் அதை அப்படியே குழுவில் போட்டார், 'இது என்ர மனிசி சொன்னது' என்று மேலே எழுதி. அந்த வசனத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். ஒவ்வொருவராகக் கேட்டது தெரிந்தது. பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருவர், 'அக்கா சுகமா இருக்கிறாவே?' என்று எழுதினார். இன்னொருவர், 'நல்ல குரல். சின்ன வயசில பாடுறவவோ?' என்று கேட்டார். அதற்குப் பிறகு கனடாவில் இருக்கும் ஒருவர் எழுதினார்: 'அது சரி மச்சான், நீ படம் பார்த்தனியே? உன்ர கருத்துக்குத்தான் எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறம்.'

என் கணவர் என்னைப் பார்த்தார். "எழுதுங்கோ" என்றேன்.

'அவா சொன்னதுதான் என்ர கருத்தும்' என்று எழுதினார். அனுப்பிய கையோடு குழு விழித்துக்கொண்டது. 'சரியாச் சொன்னாய் மச்சான்' என்றார் ஒருவர். 'நானும் இதைத்தான் நினைச்சனான்' என்றார் லண்டனில் இருக்கும் ஒருவர். கனடாக்காரர் மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதியிருந்தார்: 'உன்னால மட்டும் எப்பிடி மச்சான் ஒரே வசனத்தில முழுப் படத்தையும் சொல்ல முடியுது?'